ஐந்து நாள் எஃப்.டி.பி.யும் ஆளில்லாத மெய்நிகர் வளாகமும்

கேள்வி: மதுரைக்கு அருகே ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். இணையவழிக் கற்பித்தல் பற்றிப் போன வருடம் ஐந்து நாள் எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) நடத்தினோம். தினமும் இரண்டு சிறப்புரை, கடைசி நாள் வினாடி வினா, எல்லோருக்கும் சான்றிதழ். முப்பரிமாண மெய்நிகர் உலகம் அமைக்கும் ஓபன்சிமுலேட்டர் மென்பொருளில் ஒரு மெய்நிகர் வளாகமும் அமைத்தோம். இன்று அதற்குள் யாரும் நுழைவதில்லை. கல்லூரியின் இணையப் பாடத் தளமான மூடுலில் பி.டி.எஃப். மட்டும் ஏறுகிறது. இந்த வருடம் வரலாறு, ஆங்கிலம், வேதியியல் துறைகளிலிருந்து 30 பேருக்கு மறுபடி நடத்தும் பொறுப்பு எனக்கு. எப்படி நடத்தினால் உருப்படியாக இருக்கும்?

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு, உங்கள் சக ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐந்து நாளும் அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு வகுப்பைக்கூட எடுத்துப் பார்க்க அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. இந்த முறை ஒவ்வொருவரும் அடுத்த செமஸ்டரில் தான் நடத்தப்போகும் ஒரே ஒரு பாடவேளையைக் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும். பயிற்சி முழுக்க அதைச் சுற்றியே நடக்கட்டும்.

ஐந்து நாளை ஆறு வாரமாகப் பரப்புங்கள். வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். இடையில் கிடைக்கும் நாட்களில்தான் செய்து பார்க்க முடியும். ஒரு எச்சரிக்கை: பதவி உயர்வுக்காக இந்தச் சான்றிதழை நம்பியிருப்பவர்கள் இருப்பார்கள். இப்படிப் பரப்பிய பயிற்சி கணக்கில் சேருமா என்று கல்லூரியின் உள் தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஆசிரியர்கள் மூடுலுக்குள் மாணவர் கணக்கில் மட்டும் நுழையட்டும். திங்களன்று ஒரு கேள்வி போடுங்கள், வியாழன் கெடு. பாதிப் பேரின் பதிவுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் எழுதுங்கள், மீதிப் பேருக்கு மூன்று நாள் கழித்து. அடுத்த அமர்வில் அதைச் சொல்லிவிட்டுப் பேசவிடுங்கள். பதில் வராத பக்கத்துக்கு மாணவன் ஏன் திரும்பி வருவதில்லை என்று யாரும் உரையாற்ற வேண்டியிருக்காது.

விவாதப் பலகைகள் காய்ந்து கிடப்பதற்கு இன்னொரு காரணம் கேள்வியின் வடிவம். 'பசுமைப் புரட்சி பற்றி விவாதிக்கவும்' என்றால் முதல் மாணவர் எழுதியதையே மற்றவர்கள் மாற்றி எழுதுவார்கள். 'உங்கள் ஊரில் 70 வயதைத் தாண்டிய ஒரு விவசாயியிடம் பசுமைப் புரட்சிக் காலத்தில் என்ன நெல் போட்டார்கள் என்று கேட்டு, அவர் சொன்னதை ஐந்து வரியில் எழுதுங்கள். வேறு இருவர் எழுதியதோடு ஒப்பிடுங்கள்' என்றால் எந்த இரண்டு பதிவும் ஒன்றாக இருக்காது. இணையவழிக் கற்பித்தலுக்குக் கல்வியாளர் ஜில்லி சால்மன் வகுத்த ஐந்து படிகளை இங்கே பயன்படுத்துங்கள்: உள்ளே வருவது, ஒருவரையொருவர் பழகுவது, தகவல் பரிமாறுவது, சேர்ந்து அறிவை உருவாக்குவது, தானாக முன்னேறுவது. நம் கல்லூரிகளில் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து நேரே மூன்றில் இறங்குகிறோம். பேசிப் பழகாத குழுவிடம் விவாதம் எதிர்பார்த்து என்ன பயன்?

மூன்றாம் வாரம் காணொளி. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், மாணவர்கள் ஒரு காணொளியில் ஈடுபாட்டோடு இருந்த நேரத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. 50 நிமிட உரையை அப்படியே ஏற்றாமல், ஒரு கருத்துக்கு ஒரு காணொளி என்று வெட்டச் சொல்லுங்கள். படத்தைவிட ஒலி முக்கியம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நான்கு, ஐந்தாம் வாரங்களில் மெய்நிகர் உலகம். 30 பேரையும் இதில் இழுக்காதீர்கள். பாடத்துக்குத் தேவைப்படும் ஆறேழு பேர் போதும். அங்கே ஒரு அரங்கம் கட்டி ஸ்லைடு காட்டுவது வீண்வேலை, அதற்குக் கூகுள் மீட் போதும். நடிப்புப் பயிற்சி, ஆபத்தான இடம், கண்ணால் காண முடியாத அளவு, இவற்றுக்குத்தான் இது பொருந்தும். ஆங்கிலத் துறைக்கு வேலை நேர்காணல், வேதியியலுக்கு உள்ளே நடந்து பார்க்கக்கூடிய படிக அமைப்பு. வரலாற்றுத் துறை கீழடியைக் கட்டலாம் என்பார்கள். பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய இடத்தைத் திரையில் கட்ட வேண்டாம், மாணவரை நேரிலேயே கூட்டிப் போகட்டும். சாதாரண ஆய்வகச் சோதனைகளுக்கு மத்திய அரசின் விர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் இலவசமாகவே நிறைய இருக்கின்றன.

குழு வேலைக்கு இடத்தை அளந்து அமைக்க வேண்டும். ஓபன்சிமுலேட்டரில் சாதாரண ரீஜன், அதாவது ஒரு நிலப்பகுதி, 256-க்கு 256 மீட்டர். தட்டச்சு செய்யும் பேச்சு இயல்பாக 20 மீட்டர் வரை தெரியும், கிசுகிசுத்தால் 10, உரக்கச் சொன்னால் 100. 60 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு குழுக்களை உட்காரவைத்தால் ஒரு குழுவின் பேச்சு அடுத்ததற்குத் தெரியாது. நடுவில் நிற்கும் ஆசிரியரிலிருந்து மூலைக்கு ஏறக்குறைய 42 மீட்டர்தான். உரக்கச் சொன்னால் எல்லோருக்கும் போய்ச்சேரும். மேசைகளை 15 மீட்டரில் நெருக்கிப் போட்டால் நான்கு குழுக்களின் பேச்சும் ஒன்றாகக் கொட்டி, பத்து நிமிடத்தில் எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள்.

முதல் நாள் தகராறுகளையும் சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் உலகத்துக்குள் நுழையப் பயன்படும் ஃபயர்ஸ்டார்ம் வியூவர் மென்பொருளில், செகண்ட் லைஃப் என்ற வேறொரு மெய்நிகர் உலகத்துக்கு மட்டுமான பதிப்பு தனியாக உண்டு. அதை இறக்கினால் உங்கள் வளாகத்துக்குள் போக முடியாது. ஓபன்சிமுலேட்டருக்கான பதிப்பையே நிறுவுங்கள். கடவுச்சொல் ஏற்கப்பட்டு, 'ரீஜன் ஹேண்ட்ஷேக்' என்ற இடத்தில் நின்றுபோனால், பெரும்பாலும் ஃபயர்வாலில் 9000-ஆம் போர்ட்டுக்கு டி.சி.பி. வழியை மட்டும் திறந்து யு.டி.பி. வழியைத் திறக்காமல் விட்டிருப்பார்கள். வெளியிலிருந்து நுழைய முடிகிறது, கல்லூரி ஆய்வகத்திலிருந்து முடியவில்லை என்றால், ரீஜன் அமைப்பில் பொது ஐ.பி. கொடுத்திருப்பார்கள், உங்கள் ரவுட்டர் அதை உள்ளுக்குள் திருப்பித் தராது. ஆய்வகத்தில் மட்டும் நடத்துவதானால் உள் ஐ.பி.யே போதும். தரவுத்தளமாகச் சோதனைக்கு எஸ்கியூலைட் சரி. வகுப்பாகச் சேர்ந்து நுழையும்போது மரியாடிபி வேண்டும். கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் நிழல்களை அணைத்து, பார்வைத் தூரத்தை 64 மீட்டராகக் குறையுங்கள். குரல் வசதியை அதற்குள்ளேயே அமைக்கப் போராட வேண்டாம், பக்கத்தில் ஒரு மீட் அழைப்பு ஓடட்டும். ஒரே அறையில் எல்லோருக்கும் ஹெட்செட் கட்டாயம், இல்லாவிட்டால் எதிரொலி காதைப் பிளக்கும்.

முதல் முக்கால் மணி நேரத்தில் பாடமே வேண்டாம். நடக்க, உட்கார, ஆல்ட் விசையைப் பிடித்தபடி கேமராவைத் திருப்பிப் பார்க்க, இந்த மூன்றும் வந்தால் போதும். மூன்றாவதைக் கற்றுத்தராமல் விட்டால் பாதிப் பேர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதியவர்கள் எட்டுப் பேருக்கு ஓர் உதவியாளர் வேண்டும், எம்.எஸ்ஸி. மாணவர்களைப் போடுங்கள், ஆசிரியர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆறாம் வாரம் உண்மையான மாணவர்களோடு அந்த ஒரு பாடவேளையை நடத்தட்டும். ஒரு சக ஆசிரியர் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும். பாடத்திட்டம், வகுப்பின் பதிவு, மாணவர் கருத்து, அடுத்த முறை என்ன மாற்றுவேன் என்று ஒரு பக்கம், இவை நான்கும் வந்த பிறகே சான்றிதழில் கையெழுத்து. வருகைப் பதிவை மட்டும் வைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கட்டியதைக் காப்பாற்றுவதும் உங்கள் பொறுப்பில்தான் வரும். மைக்ரோசாஃப்ட்டின் மெய்நிகர் உலகமான ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது, மொசில்லா தன் மெய்நிகர் அறைகளான ஹப்ஸ் சேவையை 2024 மே 31-இல் நிறுத்தியது. சொந்த சர்வர் இருந்தும் டிஸ்க் போனால் கதி அதேதான். வாரம் ஒருமுறை சர்வரின் கட்டளைத் திரையில் (கன்சோல்), ரீஜனை ஒரே கோப்பாகச் சேமிக்கும் 'சேவ் ஓ.ஏ.ஆர்.' கட்டளை கொடுத்து, அந்தக் கோப்பை வேறு இடத்தில் வையுங்கள். அதில் நிலமும் கட்டடங்களும் வரும். பயனர் கணக்குகளும் அவரவர் பையிலுள்ள பொருட்களும் வராது. தரவுத்தளத்தையும் தனியாக நகலெடுங்கள். வகுப்பு தொடங்குமுன் ஒருமுறை வேறு கணினியில் அந்தக் கோப்பை ஏற்றித் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.