உலை எரிந்துகொண்டே இருக்கிறது, கையில் காசு நிற்பதில்லை

கேள்வி: நான்கு வருடமாகக் கண்ணாடி ஊதும் ஸ்டுடியோ நடத்துகிறேன். டம்ளர், பூச்சாடி எல்லாம் செய்தவுடன் விற்றுவிடுகின்றன. மனசுக்குப் பிடித்துச் செய்யும் சிற்பங்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் போகின்றன. மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. சிற்பத்தை விட்டுவிடுவதா, கடன் வாங்கி இரண்டாவது உலை போடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் உலை ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸில் இரவு பகலாக எரிகிறது. மாதத்துக்கு 720 மணி நேரம். நீங்கள் நாளுக்கு ஐந்து மணி வீதம் 20 நாள் ஊதினால் 100 மணி நேரம். ஊதும் ஒவ்வொரு மணியும் ஏழு மணி நேரத்துக்கு மேலான எரிபொருள் செலவைச் சுமக்கிறது. இரவில்தான் புதுக் கண்ணாடி உருகுகிறது, அது வீண் இல்லை. ஆனால் பில் உங்களுக்குத்தானே வருகிறது? கண்ணாடி விலையோடு கொஞ்சம் கூலி சேர்த்து டம்ளருக்கு விலை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விற்க விற்க நஷ்டம்தான்.

எரிபொருள், வாடகை, உதவியாளர் கூலி, உங்கள் சம்பளம் (ஆமாம், அதுவும்) எல்லாவற்றையும் கூட்டி 100ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை. டம்ளருக்குப் பத்து நிமிடம் என்றால் அதில் ஆறில் ஒரு பங்கு. ஒரு சிற்பத்துக்கு மூன்று மணி நேரம் என்று வையுங்கள். ஐந்து ஊதி, இரண்டு ஆறும்போது விரிசல் விட்டால், 15 மணி நேரச் செலவும் மிஞ்சிய மூன்றின் தலையில் விழும். ஒன்றுக்கு ஐந்து மணி. கேலரி பாதியை எடுத்துக்கொண்டால் விலைச்சீட்டில் பத்து மணி நேரம் இருக்க வேண்டும், அதாவது 60 டம்ளர். பட்டை தீட்டும் நேரம் தனி. அதற்குக் குறைவாக விற்றால் உங்கள் சிற்பத்துக்கு டம்ளர்கள் தெண்டம் கட்டுகின்றன என்று அர்த்தம்.

சரி, செலவை எப்படிக் குறைப்பது? வாராவாரம் உலையை அணைத்து ஏற்ற முடியாது, மூசை (கண்ணாடி உருகும் பானை) வெடித்துவிடும் என்று உங்களுக்கே தெரியும். ஊதாத நாட்களில் வெப்பத்தை இறக்கி வையுங்கள். அதைவிட நல்லது, சில மாதம் விடாமல் ஊதிவிட்டு, பிறகு உலையை மெல்ல ஆறவிட்டு மூடுவது. அந்த மாதங்களில் தீட்டுவது, விற்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நடக்கட்டும். உலை எரியும் மாதங்களில் நீங்கள் ஊதாத நேரத்தை வேறு கலைஞர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். வகுப்பும் எடுக்கலாம், ஆனால் நீங்கள் களைத்துப்போகிற அளவுக்கு வேண்டாம்.

சிற்பத்துக்கு மாதம் 20 மணி என்று ஒதுக்கிவிடுங்கள். டம்ளர் ஆர்டர் குவிந்தாலும் அந்த நேரத்தைத் தொடாதீர்கள், சிற்பம் பாதியில் நின்றாலும் மீறாதீர்கள். கேலரியில் இருக்கும் சரக்கை வருமானமாக எழுதாதீர்கள், பணம் கைக்கு வந்த அன்று எழுதினால் போதும். யாராவது சொல்லிச் செய்யும் வேலைக்குப் பாதி முன்பணம் வாங்காமல் குழலைத் தொடாதீர்கள்.

அப்புறம், உங்கள் உடம்பு. அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி 1976இல் ஒரு கார் விபத்தில் இடது கண் பார்வையை இழந்தார். 1979இல் தோள்பட்டை விலகியது. அதன்பின் ஊதுவதைக் குழுவிடம் விட்டுவிட்டு வரைந்து இயக்கினார். உங்களிடம் குழு இல்லை. விபத்து, ஊனக் காப்பீடு இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள்.

மூசையும் உலைக் கல்லும் தேய்பவை. மாற்றும் செலவை அவை தாங்கும் மாதங்களால் வகுத்து, மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். இரண்டாவது உலை பற்றி, முதல் உலையின் 100 மணியும் விலைபோகத் தொடங்கிய பிறகு எழுதுங்கள்.