அமினோ அமிலம் செல்லுக்குள் போவதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. செல்கள் அமினோ அமிலத்தை (புரதத்தைக் கட்டும் சின்னத் துண்டுகளை) எப்படி உள்ளே எடுக்கின்றன, தங்கள் பருமனை எப்படிக் கட்டுக்குள் வைக்கின்றன என்று உங்கள் மகள் பிஎச்டி செய்யப் போகிறாள், இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். தலைப்புதான் சின்னது, விஷயம் பெரியது.

செல் சவ்விலுள்ள பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, வெளியே சேர்ந்த சோடியம் மறுபடி உள்ளே வரும்போது பல அமினோ அமிலங்கள் அதோடு தொற்றிக்கொண்டு வருகின்றன. இப்படிச் சேரச் சேரத் தண்ணீரும் பின்னாலேயே வந்து செல் வீங்கும், உடனே அது பொட்டாசியம், குளோரைடு, டாரின் (அமினோ அமிலம் போன்ற ஒரு சின்ன மூலக்கூறு) எல்லாவற்றையும் வெளியே விட்டுப் பழைய அளவுக்கு வரும். அதில் குளோரைடும் டாரினும் வெளியேறும் வழிக்கான முக்கிய மரபணு எல்ஆர்ஆர்சி8ஏ என்று தெரிந்ததே 2014இல்தான், அதனால் துறையில் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

இது மருத்துவத்திலும் உதவுகிறது. ரத்தத்தில் சோடியம் பல நாளாகக் குறைந்திருப்பவருக்கு அதை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். மூளை செல்கள் ஏற்கெனவே உள்ளிருந்த பொட்டாசியம், டாரின் போன்றவற்றைக் குறைத்துச் சமாளித்திருக்கும், சட்டென்று ஏற்றினால் சுருங்கிச் சேதமாகும். பார்கின்சன் நோய்க்கான லெவோடோபா மருந்தும் அமினோ அமிலங்களின் வாசல் வழியாகத்தான் மூளைக்குள் போகிறது, புரதம் அதிகமான சாப்பாடு அதற்குப் போட்டி. புது மருந்து எந்தக் கடத்திப் புரதத்தின் (செல் சவ்வில் பொருளை உள்ளே வெளியே கொண்டுபோகும் வாசலின்) வழியாகப் போகிறது என்று பார்க்க மருந்து நிறுவனங்களுக்கு ஆள் தேவை, இவளுக்கு வேலை அங்கேதான் அதிகம்.

பேராசிரியர் வேலையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், அதற்குப் போட்டி ரொம்பக் கடுமை. செல் வளர்ப்பு, பேட்ச் கிளாம்ப் (செல் சவ்வு வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் முறை), ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழியில் தரவு அலசுவது, இந்த மூன்றும் கைக்கு வந்தால் தலைப்பு மாறினாலும் வேலைக்குப் போகலாம். பேட்ச் கிளாம்ப் பொறுமையைச் சோதிக்கும். ஒரு மைக்ரான் அளவே வாய் உள்ள கண்ணாடி முனையை ஒரே ஒரு செல்லின் மேல் வைத்து மெல்ல உறிஞ்சி ஒட்டவைக்க வேண்டும், அரை நாள் போயும் ஒன்றும் ஒட்டாது.

அதனால் சேருவதற்கு முன்னால் அதே லேபில் ஒரு சின்ன ப்ராஜெக்ட் செய்யட்டும். வழிகாட்டியின் பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி என்று அவளே நேரில் கேட்கட்டும். பதில் வரும்வரை வேறு கோர்ஸுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள்.