மகள் ஐஓடி படிக்க வேண்டும் என்கிறாள், சேர்க்கலாமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. மகள் 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' (சுருக்கமாக ஐஓடி, பொருள்களில் சென்சார் வைத்து இணையத்தோடு இணைக்கும் தொழில்நுட்பம்) என்று பெயரே போட்ட பட்டப்படிப்பில் சேர ஆசைப்படுகிறாள், நீங்களோ வேலை விளம்பரங்களைத் தேடிப் பார்த்து, இந்தப் பெயரில் ஆள் கேட்பவர்கள் ரொம்பக் குறைவாக இருக்கிறார்களே என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் பார்த்தது சரிதான். ஆனால் அதற்குக் காரணம் வேலை இல்லை என்பது அல்ல, அந்த வேலைகள் வேறு பெயர்களில் இருக்கின்றன.

ஐஓடி தனியாக ஒரு தொழில் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு தொழிலுக்குள் போய் உட்காரும் கருவி அது. அந்தப் பெயரே அப்படித்தான் பிறந்தது: 1999-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் இருந்த கெவின் ஆஷ்டன், சரக்குகளில் ஆர்எஃப்ஐடி சில்லுகளை (ரேடியோ அலை மூலம் அடையாளம் சொல்லும் சில்லுகள்) ஒட்டி அவற்றின் போக்குவரத்தைக் கண்காணிப்பது பற்றி விளக்கும்போது வைத்த தலைப்பு அது. அதனால் மகளிடம் "ஐஓடி வேண்டுமா வேண்டாமா" என்று கேட்காதீர்கள், "எந்தத் துறைக்கான ஐஓடி" என்று கேளுங்கள்.

தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம், நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு பெரிய மோட்டாரின் பேரிங் தேய ஆரம்பித்தால் முதலில் மாறுவது அதன் அதிர்வு, சூடும் காதுக்குக் கேட்கும் சத்தமும் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் வரும். மோட்டாரின் மேல் ஒரு அதிர்வு சென்சார் இருந்தால், மோட்டார் திடீரென்று நின்று வேலை கெடுவதற்கு முன்பே, பலநேரம் வாரக்கணக்கில் முன்னால், பேரிங்கை மாற்றத் திட்டமிடலாம். ஆனால் அதே மோட்டார் சுமை கூடினாலும் வேகம் மாறினாலும் வேறு மாதிரி அதிரும், எது தேய்மானம் எது சாதாரணம் என்று சொல்ல இயந்திரம் தெரிந்த ஆள் வேண்டும். இன்னொன்று, இன்றும் பல ஆலைகளில் இயந்திரங்கள் பேசும் மொழி மோட்பஸ், அது 1979-ல் வந்தது. இயந்திரத்தை இயக்கும் பழைய கன்ட்ரோலரை இன்றைய சர்வரோடு பேச வைப்பதே ஒரு முழுநேர வேலை, அதைச் செய்யத் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

விவசாயத்தில் கதை வேறு. வயலில் கரண்டும் இருக்காது, வைஃபையும் இருக்காது. அங்கே லோராவான் போன்ற கம்பியில்லாத் தொடர்பு முறைகள் பயன்படுகின்றன, ஒரு தடவைக்குச் சில பைட்டுகள்தான் அனுப்பும், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் போகும், ஒரே பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடும். மண் ஈரம் அளக்கும் மலிவான சென்சார்களில் உலோகக் கம்பிகள் நேராக ஈரமண்ணில் இருப்பதால் அரித்துப்போய்ப் பொய்க்கணக்குக் காட்டத் தொடங்கும், அந்தக் கணக்கை நம்பித் தண்ணீர் பாய்ச்சினால் பயிர்தான் பாதிக்கப்படும்.

மருத்துவத்தில் பிழைக்கு இடமே இல்லை. பல தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும், சில தடுப்பூசிகள் உறைந்துபோனாலும் கெட்டுவிடும், அதனால் குளிர்பெட்டியின் வெப்பத்தை விடாமல் பதிவு செய்கிறார்கள். அனுமதிகளும் சோதனைகளும் நிறைய இருப்பதால் இந்தத் துறை மெதுவாகத்தான் நகரும், பொறுமை உள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது. சரக்கு வண்டிகள், மின்மீட்டர்கள், கட்டடங்களின் ஏசி என்று இன்னும் இருக்கிறது, அடிப்படை ஒன்றுதான்.

பாதுகாப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016-ல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களை முடக்கியது. மகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால் தடுக்காதீர்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். வேலை தேடும்போது எம்பெடட் இன்ஜினியர், ஃபர்ம்வேர், இன்ஸ்ட்ருமென்டேஷன், ஆட்டோமேஷன் என்ற பெயர்களைப் போட்டுத் தேடுங்கள். என்னைக் கேட்டால், எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன், கம்ப்யூட்டர் சயின்ஸ், இதில் ஒன்றை முதன்மைப் பாடமாக எடுத்து ஐஓடியை விருப்பப் பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. ஐஓடி பட்டமேதான் வேண்டும் என்று அவள் நின்றால், சிலபஸில் சி மொழி, சர்க்யூட், மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கணினிச் சில்லு), நெட்வொர்க் ஆகியவை ஆழமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாப் பாடமும் 'அறிமுகம்' என்றே தொடங்கினால் சேர்க்க வேண்டாம். லேபைப் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் தாங்களே சால்டரிங் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

அப்புறம், இப்போதே ஒரு வேலை கொடுங்கள் அவளுக்கு. இஎஸ்பி32 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றை வாங்கி, வெப்பம் அளந்து, எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக அனுப்பட்டும். எம்க்யூடிடியையும் 1999-ல் எண்ணெய்க் குழாய்களை சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்கத்தான் உருவாக்கினார்கள், இணைப்பு அறுந்து அறுந்து வரும் இடத்துக்கென்றே செய்தது. ஒருநாள் ஓடினால் போதாது, மூன்று மாதம் யாரும் தொடாமல் ஓட வேண்டும். நெட் போனபோது எடுத்த அளவுகள் எங்கே போயின, பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்ந்தது, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். நேர்காணலில் அந்த நோட்டைப் பற்றி அவளால் அரைமணி நேரம் பேச முடியும்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடப்பட்டியலை எனக்கு அனுப்புங்கள். மகள் எந்தத் துறையைச் சொன்னாள் என்பதையும் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், முன்பணம் கட்டும் முன் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.