எடை தெரியாமல் விலை பேசலாமா? சிறு பன்றிப் பண்ணையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் எடைமேடை இல்லை. வியாபாரி கண்ணளவில் ஓர் எடையைச் சொல்லித்தான் விலை பேசுகிறார். இதற்கு மாற்று உண்டா?

பதில்: உண்டு, துணி தைப்பவர்கள் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று போதும். பன்றி தலையை நேராக வைத்து நிற்கும்போது, முன்னங்கால்களை ஒட்டிப் பின்புறமாக மார்பின் சுற்றளவையும், இரு காதுகளின் நடுவிலிருந்து வாலின் அடி வரை முதுகின் மேலாக நீளத்தையும் மீட்டரில் அளந்து கொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்த விடையை நீளத்தாலும் 69.3ஆலும் பெருக்கினால் உயிர் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவும் நீளமும் 1.1 மீட்டராக இருந்தால், எடை ஏறத்தாழ 92 கிலோ. சில கிலோ முன்பின் ஆகலாம் என்றாலும், தீவனம் வைப்பதற்கு முன் காலையில் ஒரே ஆள் அளந்தால் பிழை குறையும். கிலோவுக்கு என்ன விலை என்று மணிக்கணக்கில் பேரம் பேசுபவர்கள்கூட, எத்தனை கிலோ என்பதை எதிராளியிடமே விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. உயிர் எடைக்கான விலையா, அறுத்துச் சுத்தம் செய்த எடைக்கான விலையா என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள். பின்னது உயிர் எடையில் சுமார் 70 முதல் 75 விழுக்காடுதான் இருக்கும்.

கேள்வி: இறைச்சிக்குத் தேவை மிகும் மாதத்தில் என்னிடம் விற்கும் பருவத்தில் பன்றி இருப்பதில்லை. மூன்று தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறேன்.

பதில்: விற்க விரும்பும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சினைக்காலம் 114 நாட்கள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். நல்ல தீவனத்தில் குட்டி விற்பனை எடைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும் என்பதால், பத்து மாதங்களுக்கு முன்பே இனச்சேர்க்கை நடந்திருக்க வேண்டும். தீவனம் குறைவான இடங்களில் வளர்ச்சி மேலும் இழுக்கும். உங்கள் பண்ணையில் சென்ற ஈற்றுக் குட்டிகள் எடுத்துக்கொண்ட காலத்தையே கணக்கில் கொள்ளுங்கள். மூன்று தாய்களின் குட்டிகளையும் ஒரே நாளில் பால்மறக்கடித்தால், தாய்கள் பெரும்பாலும் 4 முதல் 7 நாட்களுக்குள் ஒன்றாக இனச்சேர்க்கைப் பருவத்துக்கு வரும். தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குச் சுமார் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். குட்டிகள் ஒரே வயதில் வளர்ந்து நின்றால், ஒரு வண்டி நிறைய ஏற்றக் கிடைக்கிறதே என்று வியாபாரி உங்களைத் தேடி வருவார். அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்களும் இதே கணக்கில் சேர்ந்தால் வண்டி வாடகையும் பங்காகிவிடும்.

கேள்வி: அடுத்த ஊரில் பன்றிகள் காய்ச்சல் கண்டு சாகின்றன. குறைந்த விலைக்காவது உடனே விற்றுவிடலாமா?

பதில்: வேண்டாம். அது ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலாக இருந்தால், தொற்றிய பன்றியில் நோய்க்குறி வெளிப்பட 4 முதல் 19 நாட்கள் வரை ஆகலாம் என்பதால், இன்று நலமாகத் தெரியும் பன்றி நாளை நோயைச் சந்தைக்குச் சுமந்து செல்லக்கூடும். இந்நோய் மனிதரைத் தாக்காது. ஆனால் இதற்குச் சிகிச்சை இல்லை, உறைய வைத்த இறைச்சியிலும் இக்கிருமி மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். அவசர விற்பனைக்கு வரும் வண்டியின் சக்கரமும், கட்டும் கயிறும், ஏற்ற வருபவரின் செருப்பும்கூட நோயைக் கொண்டு வரும் என்பதை மறக்க வேண்டாம். அரசுக் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள். வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடாதீர்கள். உணவு விடுதிக் கழிவு வாங்குவதை நிறுத்துங்கள். அக்கழிவைப் பன்றிக்குக் கொடுப்பதற்குப் பல நாடுகளில் தடையே உண்டு.

கேள்வி: ஊசி போட்ட பன்றியை எப்போது விற்கலாம்?

பதில்: மருந்துக்கு மருந்து இது மாறும். இறைச்சிக்கு அறுப்பதற்கு முன் எத்தனை நாட்கள் விட வேண்டும் என்று மருந்தின் உறையில் அச்சிட்டிருப்பார்கள். கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து அதை எண்ணுங்கள். அந்தத் தேதியைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தாலும் போதும்.