விடியற்காலை வயிற்று வலியா? இமையைப் பாருங்கள்

கேள்வி: என் தம்பி மகனுக்கு 16 வயது. நெல் காவலுக்காகக் களத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தான். அதிகாலை 3 மணிக்குக் கடும் வயிற்று வலி, வாந்தி. அருகிலிருந்த மருத்துவமனையில் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடிந்தபோது அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பெரிய மருத்துவமனையில் கட்டுவிரியன் கடி என்றார்கள். நான்கு நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து பிழைத்தான். உடம்பில் கடித்த தடமே இல்லை. பாம்பு கடித்தால் வயிறு வலிக்குமா? முன்பே தெரிந்துகொள்ள வழி இல்லையா?

பதில்: கட்டுவிரியன் கடித்தால் வயிறு வலிக்கும். பல நேரங்களில் அதுதான் முதல் அறிகுறியே. இந்தப் பாம்பு இரவில் நடமாடுவது. தரையில் தூங்குபவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. பல் மிகச் சிறியது. பெரும்பாலும் வீக்கம், எரிச்சல் ஏதும் இருக்காது. எறும்பு கடித்ததாக நினைத்துப் புரண்டு படுத்தவர்கள் உண்டு. எனவே தடத்தைத் தேடி நேரத்தை வீணாக்குவதில் பயனில்லை.

வழி இருக்கிறது. அதற்கு ஸ்கேன் எதுவும் தேவையில்லை. குடல்வால் அழற்சி முற்றியவரின் வயிற்றைத் தொட்டால் தசை விறைத்து நிற்கும். கட்டுவிரியன் கடித்தவர்களோ வலியில் துடிப்பார்கள், வயிறு மட்டும் மெத்தென்று இருக்கும். அப்போது, தலையை அசைக்காமல் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இமை பாதி விழியை மூடியபடியே நின்றால் சந்தேகப்பட வேண்டும். பிறகு தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் 1, 2, 3 என்று எண்ணச் சொல்லுங்கள். கழுத்து நிற்காவிட்டாலோ, எண்ணிக்கை தடவைக்குத் தடவை குறைந்தாலோ மூச்சுத் தசைகளும் தளரத் தொடங்கிவிட்டன என்று பொருள். முதலில் எல்லாம் சரியாக இருந்தாலும், தரையில் தூங்கி எழுந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் 24 மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்து இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

மருத்துவர்களே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை, கண்ணாடி விரியன் போல ரத்தம் உறைவதைக் கெடுக்கும் பாம்புகளுக்குத்தான் உதவும். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்குகிறது, ரத்தம் வழக்கம்போல உறையும். ‘சோதனை நார்மல், பாம்பு இல்லை’ என்று முடிவு கட்டுவது பெரிய பிழை.

நஞ்சுமுறி மருந்தைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும். சிறுவனுக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். உள்ளே சென்ற நஞ்சு ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. ஆனால் சேதமடைந்துவிட்ட நரம்பு முனையை அந்த மருந்தால் மீட்க முடியாது. நல்ல பாம்புக் கடியில் கைகொடுக்கும் நியோஸ்டிக்மின் ஊசியும் இதில் அதிகம் பயன்படுவதில்லை. முனைகள் மறுபடி வளரும்வரை இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். அந்த நாட்களில் கண்மணி விரிந்து, விரல்கூட அசையாமல், மூளைச் சாவு அடைந்தவர் போலவே நோயாளி தெரிவார். உண்மையில் நினைவு தெளிவாக இருக்கக்கூடும். அருகில் நின்று பேசுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்னொரு முறை வீட்டில் இப்படி நேர்ந்தால் ஓமத் தண்ணீர், கஷாயம் எதையும் புகட்டாதீர்கள். தொண்டைத் தசை தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போகும். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். காவலுக்குப் போகிறவனுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் வாங்கிக் கொடுங்கள். முடியாவிட்டால் கொசுவலை போதும், அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும்.