ஒத்துக்கொண்டால் வீட்டுக்கு வந்துவிடுவானா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. கூட்டாளி ஓட்டக் கொடுத்த மோட்டார் சைக்கிள் திருட்டு வண்டியாம், ரோட் பிளாக்கில் பிடித்துவிட்டார்கள். 379ஏ பிரிவில் கேஸ் போட்டு, ஜாமீன் 5,000 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். நான் துப்புரவு வேலை செய்கிறேன், கையில் 1,800தான் இருக்கிறது. ஆறு வாரமாக உள்ளே இருக்கிறான். குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், இவனும் சரி என்கிறான். முன்னாள் பிரதமர் நஜிப் தண்டனை கிடைத்த பிறகும் வெளியில்தானே இருந்தார்? நமக்கு மட்டும் ஏன் இப்படி?
- ஒரு தாய், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அக்கா, முதலில் அந்த அண்ணன் பேச்சை விடுங்கள். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் 379ஏ என்பது வாகனத் திருட்டு. அதற்குச் சட்டத்தில் எழுதியிருப்பது குறைந்தது 1 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை, அதற்கு மேல்தான் ஃபைன். வெறும் ஃபைன் கட்டிவிட்டு வரும் கேஸ் இல்லை இது. அதுவும் திருட்டு வண்டி என்றே தெரியாமல் ஓட்டினேன் என்று சொல்கிற பையன், தெரிந்தே திருடினேன் என்று ஒத்துக்கொள்ளவா?

அவனையும் குறை சொல்ல முடியாது. என் கொழுந்தனார் கேஸுக்காக நான் ஒரு காலை முழுக்க மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இரண்டு பேராக ஒரே விலங்கில் கோர்த்துக் கொண்டுவந்தார்கள், காலில் ஜப்பான் சிலிப்பர். குற்றச்சாட்டை மலாயில் மடமடவென்று வாசித்து “ஃபாஹாம்?” (புரிந்ததா?) என்று கேட்டால், என்ன புரிந்ததோ புரியவில்லையோ, தலையை ஆட்டி “ஃபாஹாம்” என்று விடுகிறார்கள். ஒரு ஆள் விஷயம் முடிய ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா என்பது சந்தேகம். வக்கீல் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் போனது. பணம் இருக்கிறவன் வீட்டில் இருந்துகொண்டு விசாரணைக்குக் காத்திருப்பான், இல்லாதவன் உள்ளே இருந்துகொண்டு காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பு தாங்காமல்தான் செய்யாததைக்கூட ஒத்துக்கொள்கிறார்கள்.

நஜிப் விஷயம் கேட்டீர்கள். 2020 ஜூலையில் அவருக்கு 12 வருடச் சிறையும் 210 மில்லியன் ரிங்கிட் ஃபைனும் விதித்தார்கள். அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லி ஜாமீனில் இருந்தார், காஜாங் சிறைக்குப் போனது 2022 ஆகஸ்ட்டில். அந்த வழி சட்டத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. அரசமைப்பின் 8-ஆவது பிரிவும் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்த வழியில் போக வக்கீலும் பணமும் வேண்டுமே! அவருக்கு ஏன் கொடுத்தார்கள் என்று நான் கேட்க மாட்டேன். தீர்ப்பே வராத உங்கள் மகன் 5,000 வெள்ளி இல்லாமல் ஆறு வாரம் உள்ளே கிடக்கிறானே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, இப்போது ஆக வேண்டியது. ஜாமீன் தண்டனை இல்லை, ஆள் ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வருவதற்கான உத்தரவாதம், அவ்வளவுதான். தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 389-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதனால் குறைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம், அங்கே முடியாவிட்டால் ஹை கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு வக்கீல் வேண்டும். ஒய்பிஜிகே என்று ஒன்று இருக்கிறது, யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், அதாவது தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை. 2012-இல் இருந்து வசதியில்லாத மலேசியர்களின் குற்ற வழக்குகளுக்கு வக்கீல் ஏற்பாடு செய்கிறார்கள். வக்கீல் மன்றத்தின் இலவசச் சட்ட உதவி மையம் பினாங்கிலேயே இருக்கிறது. போகும்போது உங்கள் சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, மகனின் முதலாளி ஒரு கடிதம் கொடுத்தால் அது, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாயால் அழுவதைவிட அந்த வாடகை ரசீது வக்கீலுக்கு அதிகம் உதவும். மாதம் ஒருமுறை போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறான், தொகையைக் குறையுங்கள் என்று அவர் கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், மீதி 3,200-க்கு ஆலோங்கிடம் (லைசன்ஸ் இல்லாத வட்டிக்காரனிடம்) மட்டும் போய் நிற்காதீர்கள். ஜாமீன் பணம் ஃபைன் மாதிரி போய்விடுவதில்லை, மகன் எல்லாத் தேதிக்கும் வந்துகொண்டிருந்தால் கேஸ் முடிந்ததும் திரும்பி வரும். ஆனால் கேஸ் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? வட்டி அதுவரை நிற்குமா? கோர்ட் வாசலில் “நான் ஜாமீன் எடுத்துத் தர்றேன், கமிஷன் கொடுங்க” என்று எவனாவது வந்தாலும் நிற்காமல் நடந்துவிடுங்கள். சொந்தத்தில் ஐசியும் (அடையாள அட்டை) கொஞ்சம் சேமிப்பும் உள்ள யாராவது முன்வருவார்களா என்று கேளுங்கள், வெட்கப்பட இது நேரமில்லை.

வக்கீல் எல்லாம் பார்த்துவிட்டு, ஒத்துக்கொள்வதுதான் நல்லது என்றே சொன்னாலும் சொல்லலாம். அப்படியானால் சரி, ஆனால் தண்டனையைக் கைதான நாளிலிருந்து கணக்கிடும்படி கேட்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருந்த நாளெல்லாம் வீண்.

இந்த வாரம் மகனைப் பார்க்கப் போகும்போது ஒன்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த தேதிக்குள் வக்கீல் கிடைக்காவிட்டால், அவசரப்பட்டுத் தலையை ஆட்டாமல், “வக்கீலைப் பார்க்கவில்லை, வேறு தேதி வேண்டும்” என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லட்டும். மலாய் சரியாக வரவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கட்டும். அப்படியும் ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டால், “மிந்தா பிச்சாரா” என்று சொல்லட்டும், விசாரணை வேண்டும் என்று அர்த்தம்.