நங்கூரம் நகர்ந்த இரவும் வேறு சில கேள்விகளும்

நண்பர்களோடு கரையோரமாகப் பாய்ப்படகில் போவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கையில் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். மூன்று நாள் பயணம், நடுவில் இரண்டு இடங்களில் இறங்கிப் பார்க்கத் திட்டம். இருவருக்குப் பாய் ஓட்டத் தெரியும். முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

யார் சொல்வதை மற்றவர்கள் கேட்பது என்பதை. இரண்டு பேருக்குத் தெரியும் என்பதுதான் இங்கே சிக்கலே. காற்று ஏறும்போது ஒருவர் "பாயை இறக்கு" என்பார், இன்னொருவர் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பார். கிளம்பும் முன்பே ஒருவரைத் தலைவராக வைத்துவிடுங்கள். சண்டையைக் கரைக்கு வந்து போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், தூரக் கணக்கு. சிறிய பாய்ப்படகு மணிக்கு 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். காற்று எதிரே இருந்தால் நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாக மாறி மாறி ஏற வேண்டும், தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். எனவே மூன்று நாளில் ஒன்றை எதுவும் திட்டமிடாமல் விடுங்கள். "திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும்" என்று கிளம்பக் கூடாத வானிலையில் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன்.

கேள்வி: நங்கூரம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா?

தூங்கலாம், கணக்கு சரியாக இருந்தால். எங்களுடையது ஒருமுறை சரியாக இல்லை.

ஒரு சிறிய குடா. மாலையில் தண்ணீர் வற்றியிருந்த நேரம், ஆழம் 4 மீட்டர். 15 மீட்டர் சங்கிலி விட்டோம், போதும் என்று நினைத்தோம். கரைக்குப் போய் நடந்து திரிந்துவிட்டு வந்து படுத்தோம். நள்ளிரவு தாண்டி விழிப்பு வந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. படகின் உடம்பு வழியாக ஒரு கரகரப்பு. வெளியே வந்து முன்பக்கம் போய்ச் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பிடித்திருக்கும் நங்கூரத்தின் சங்கிலி விறைப்பாக, அமைதியாக இருக்கும். இது உதறியது. கரையில் ஒரு பாறைக்கு நேர் பின்னால் இருந்த விளக்கு இப்போது பாறையை விட்டு நன்றாகத் தள்ளி நின்றது. இன்ஜினைப் போட்டுத் திரும்புவதற்குள் சுக்கான் ஒருமுறை மணலைத் தட்டிவிட்டது.

தப்பு எங்கே? ஆழம் 4, தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் முகப்பு 1, இரவில் ஏறப்போகும் ஓதம், அதாவது கடல் மட்டத்தின் ஏற்றம், 2, மொத்தம் 7 மீட்டர். முழுவதும் சங்கிலி என்றால் குறைந்தது இதன் ஐந்து மடங்கு, 35 மீட்டர் விட வேண்டும். கயிறு அதிகம் என்றால் ஏழு மடங்கு. நாங்கள் விட்டது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். சங்கிலி நீளமாகக் கிடந்தால்தான் இழுப்பு கிடைமட்டமாக வந்து நங்கூரம் மண்ணில் புதையும். குட்டையாக இருந்தால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். போட்ட பிறகு இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடு கலைந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் காற்று மாறி, படகு நங்கூரத்தைச் சுற்றி வந்தாலும் கோடு கலையும். அப்போது சங்கிலியில் கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: ஓதம் எவ்வளவு வேகமாக ஏறும்?

சீராக ஏறாது. தினம் இருமுறை ஏறி இறங்கும் கடலில் ஒரு ஏற்றம் சுமார் ஆறு மணி நேரம். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும்.

கேள்வி: நண்பர் கடலில் விழுந்துவிட்டால்?

கத்துங்கள். ஒருவர் விழுந்தவரை நோக்கிக் கை நீட்டி நிற்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். அலைக்கு நடுவே தலை ஒரு தேங்காய் அளவுதான், ஒரு நொடி திரும்பிப் பார்த்தாலும் தொலைந்துபோகும். இன்னொருவர் மிதவையை வீச, மற்றவர்கள் படகை நிறுத்த வேண்டும். இன்ஜினைப் போடும் முன் தண்ணீரில் கயிறு எதுவும் தொங்குகிறதா என்று பாருங்கள். விழுந்தவர் பக்கத்தில் வந்ததும் தண்ணீருக்குள் இருக்கும் இன்ஜின் விசிறி சுற்றக் கூடாது.

எல்லாரும் மறப்பது மேலே ஏற்றுவதை. நனைந்த உடையோடு, சோர்ந்துபோன ஓர் ஆளை இரண்டு பேர் கையால் தூக்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பாய் ஏற்றும் கயிற்றை அவர் போட்டிருக்கும் பாதுகாப்பு அங்கியில் மாட்டி, கயிறு சுற்றும் உருளையால் ஏற்றுங்கள். நல்ல வெயில் நாளில் ஒரு மிதவையை வீசிப் பழகிப் பாருங்கள். முதல் தடவை எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது, அதுவும் அமைதியான கடலில்.

கேள்வி: வாந்தி வருமோ என்று பயம்.

மாத்திரை போடுவதானால் கிளம்பும் முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டால் தங்காது. கீழே அறைக்குள் போகாதீர்கள், அடிவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானைப் பிடியுங்கள். வாந்தி எடுக்க ஓரத்தில் குனியும்போது பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கட்டும். சிறுநீர் கழிக்க ஓரத்தில் நிற்கும் ஆண்களுக்கும் இதேதான். சிரிக்காதீர்கள், அப்படி விழுந்தவர்கள் உண்டு.

கேள்வி: பெரிய கப்பல் எதிரே வந்தால் பாய்ப்படகுக்குத்தானே வழி விடுவார்கள்?

திறந்த கடலில் விதி பெரும்பாலும் உங்கள் பக்கம். ஆனால் குறுகிய கப்பல் வழியில், 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்ப்படகும் பெரிய கப்பலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அதே விதிதான் சொல்கிறது. விதியை விடுங்கள்: மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் 15 நிமிடத்தில் 5 கடல் மைல் வந்துவிடும். முகப்புக்கு நேர் முன்னால் சில நூறு மீட்டர் அவர்கள் கண்ணுக்கே தெரியாது. உங்களிடமிருந்து பார்க்க அது ஒரே திசையில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப்போகிறது என்று அர்த்தம். சீக்கிரமாக, அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்படி திரும்பிவிடுங்கள்.

கேள்வி: கைபேசி இருக்கும்போது ரேடியோ எதற்கு?

கைபேசி ஒருவரைத்தான் கூப்பிடும். படகுகளில் வைத்திருக்கும் வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிட்டால் சுற்றியுள்ள படகுகள் எல்லாம் கேட்கும். உயிருக்கு ஆபத்து என்றால் "மேடே" மூன்று முறை, அப்புறம் படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆயிற்று, எத்தனை பேர். உயிராபத்து இல்லாத அவசரத்துக்கு "பான் பான்". படகில் ஒருவருக்கு மட்டும் இதை இயக்கத் தெரிந்திருந்தால், தண்ணீரில் விழுவது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்!

கேள்வி: கரைக்குப் போகச் சின்ன ரப்பர் படகு போதும்தானே? பத்து நிமிடம்தான்.

அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் யாரும் லைஃப் ஜாக்கெட் போடுவதில்லை. நாலு பேர் படகில் ஆறு பேர் ஏறி, இருட்டில், சிரித்துக்கொண்டே வருவார்கள். இரண்டு நடையாகப் போங்கள். டார்ச், துடுப்பு, சின்ன நங்கூரம் கட்டாயம். இன்ஜினை அணைக்கும் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்கட்டும். அலை உடையும் கரையில் இறங்கினால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பாமல் பாருங்கள். திரும்பினால் கவிழும். இறங்கியதும் ஓதக் கோட்டுக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். நாங்கள் ஒருமுறை கட்டாமல் போய், திரும்பி வந்தபோது அது பெரிய படகுக்கு எங்களுக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்திருந்தது. யார் நீந்திப் போவது என்று சீட்டுக் குலுக்கினோம்.